பேனல் மூலையில் ஒரு முறம்

அமிர்தவள்ளியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பேரணாம்பட்டைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குப் போகும் வழியில் இருந்த துணை சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து எனக்குக் கூடமாட இருந்தவள் அவள். போலியோ சொட்டு மருந்து நாளில் குழந்தையின் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி வாயைத் திறக்க வைப்பதும் அவள்தான். என்னைக் கண்டாலே வீறிடும் குழந்தைகள் அவள் கையில் பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கும். எனக்கு உள்ளுக்குள் எரியும். மற்ற நேரமெல்லாம் அந்தக் கை பீடி சுற்றியது. புருஷன் செத்த பிறகு இரண்டு பெண்களையும் வளர்த்தது அந்தப் பீடிதான்.

எண்பத்தாறாம் வருஷம் எங்களுக்கு சோலார் வந்தது. எங்கள் ஊரில் கரண்ட் இருக்கும் நேரம் கம்மி, போகும் நேரம் ஜாஸ்தி. அதனால் மருந்து வைக்கும் பிரிட்ஜுக்கு வெயிலிலிருந்தே கரண்ட் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். மொட்டை மாடியில் நீல வில்லைகள் பதித்த பேனல்கள். உள்ளே சுவரில் பச்சையும் சிவப்புமாக விளக்கு வைத்த கன்ட்ரோல் பெட்டி. அதன் கீழே மரப்பெட்டிக்குள் பேட்டரிகள். பக்கத்தில் வெள்ளை பிரிட்ஜ். என்ஜினியர் வேதாசலம் ஒரு மணி நேரம் விளக்கியதை நான் அவளுக்குச் சுருக்கிச் சொன்னேன்.

"மேல இருக்கிறது கரண்ட் பண்ணுது. பேட்டரி புடிச்சு வைக்குது. இந்தப் பெட்டி காவல்காரன் மாதிரி. பேட்டரி காலியாவப் போவுதுன்னா சிவப்பு எரியும், பிரிட்ஜ் நின்னுடும். சூடு பட்டா மருந்து செத்துடும், திரும்ப சில்லுனு வச்சாலும் ஒதவாது. அப்ப மருந்தை ஐஸ் டப்பால வச்சு பேரணாம்பட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு ஓடணும். இன்னா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சிஸ்டர். மேல தொடைக்கணும், கீழ பாக்கணும்."

சொன்னபடியே செய்தாள். தினமும் காலையில் ஏறி, தன் வீட்டுக் கண்ணாடியைத் துடைப்பதைவிடப் பதமாகத் துடைத்துவிட்டு வருவாள்.

அந்த ஐப்பசியில் நான் ஒரு வாரப் பயிற்சிக்காக பாகாயம் போயிருந்தேன். ஊரில் விடாத தூறல். சுற்றிய பீடியெல்லாம் நமத்துப்போனது. ஈரப் பீடியை ஏஜெண்ட் கழித்துப் போடுவான். தரையெல்லாம் ஈரம். எப்போதாவது மேகம் விலகி அடிக்கும் வெயிலில் முதலில் காய்வது மாடியில் இருந்த பேனல்தான். தொட்டால் சுடும். கீழ் ஓரத்தில் செங்கல்லை முட்டுக் கொடுத்து, பீடி பரப்பிய முறத்தை ஒரு மூலையில் வைத்தாள். அவ்வளவு பெரிய பேனலில் ஒரு மூலை. அந்த மூலைக்கு உண்டான கரண்ட் மட்டும்தானே குறையும் என்று நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நாலாம் நாள் சிவப்பு எரிந்தது. பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஐஸ் உருகித் தண்ணீராகி நின்றது. ஐஸ் டப்பாவைக் கையில் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஏன், எப்படி என்று கேட்பார்களே என்ற பயம் வந்துவிட்டது. வேலை போய்விடும். டப்பாவை வைத்துவிட்டு, மாடிக்குப் போய் முறத்தை எடுத்தாள். மறுநாள் நல்ல வெயில். விளக்கு பச்சைக்குத் திரும்பியது, பிரிட்ஜ் ஓடியது. நான் வந்து பார்த்தபோது உள்ளே சில்லென்று இருந்தது.

அடுத்த நாள் மருந்து நாள். வாசல் வேப்பமர நிழலில் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். சகீனாவும் வந்திருந்தாள். அவள் புருஷன் ஜியாவுல்லாவுக்கு ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை. ஒன்பது வருஷம் தவமிருந்து பெற்ற பிள்ளை இம்தியாஸ். "அக்கா, உன் கையாலயே புடி. சிஸ்டர் புடிச்சா அழுவுறான்" என்றாள். அமிர்தவள்ளி அவன் கன்னத்தை அழுத்தினாள். நான் சொட்டு விட்டேன்.

ஒரு வாரம் கழித்து வேதாசலம் சோதனைக்கு வந்தார். பேட்டரியைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். "பேனல் மேல ஏதோ நிழல் விழுந்திருக்கு."

"ஒரு மூலைல பட்டாலுமா சார்?" என்று கேட்டது அவள்தான்.

"மூலையாவது ஒண்ணாவது. உள்ள இருக்கிற வில்லை எல்லாம் ஒரே வரிசையில கோத்திருக்கும்மா. ஒண்ணு படுத்தா மொத்தமும் படுத்துடும். சிவப்பு எரிஞ்சுதா?"

"இல்ல சார்."

"அப்ப எதோட நிழல்?"

வேப்பமரத்தைக் காட்டினாள்.

அன்று மாலையே மாடிப் பக்கக் கிளைகளை எல்லாம் வெட்டித் தள்ளினார்கள். அரை மரம் மொட்டையானது. "நல்லவேளை, மருந்துக்கு ஒண்ணும் ஆவல" என்று நான் வேறு அவளிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் இலைகளைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாள்.

விடிந்ததும் என் வீட்டு வாசலில் நின்றாள். முறம், சிவப்பு விளக்கு, ஐஸ் டப்பா, எல்லாவற்றையும் சொன்னாள். "செத்த மருந்துன்னு தெரிஞ்சும் வாயைத் தொறந்து வுட்டேன் சிஸ்டர். என்னைத் திட்டுங்க."

எதற்கெடுத்தாலும் கத்துகிறவள் நான். அன்றைக்குத் திட்டாமல், செருப்பை மாட்டிக்கொண்டு ஐஸ் டப்பாவை எடுக்கக் கிளம்பினேன். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பேரணாம்பட்டிலிருந்து புது மருந்து கொண்டுவந்து, அந்தப் பிள்ளைகளை மறுபடி வரச் சொன்னேன். "போன தபா மருந்து சரியில்ல, இன்னொரு வாட்டி போடணும்" என்று மட்டும் தாய்மார்களிடம் சொன்னேன். எல்லோரும் வந்தார்கள். மரத்தடியில் நிழல் போதாமல், தாய்மார்கள் பிள்ளைகளின் தலையில் முந்தானையைப் போட்டு வெயிலில் நின்றார்கள். சகீனா சிரித்துக்கொண்டே பிள்ளையை நீட்டினாள். "புடிக்கா."

அமிர்தவள்ளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்களே புடிங்க சிஸ்டர்."

அதற்குப் பிறகு எந்தக் குழந்தையின் கன்னத்தையும் அவள் தொடவில்லை. பேனலை மட்டும் துடைத்தாள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. இம்தியாஸ் நன்றாக நடந்தான், ஓடினான். மருந்து நாளில் தம்பியோடு வருவான், வாசலில் விளையாடுவான். ஓடுகிற பிள்ளை விழத்தானே செய்யும்? அவன் விழும்போதெல்லாம் இவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, மூச்சுவிடாமல் அவன் காலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் எழுந்து மறுபடி ஓடுவான். அதன் பிறகுதான் குனிந்து துடைப்பத்தை எடுப்பாள்.