சுறா எண்ணெய் பூசிய லாரி

மண்ணெண்ணெயும் கருகிய சுறா எண்ணெயும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். வயிற்றைப் புரட்டும், கூடவே பசியும் எடுக்கும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு தை மாதம் முழுக்க அந்த வாடைதான் கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. வாசலில் லாரி நின்றது, அதனால் வாடையும் நின்றது.

லாரி எங்கள் நைனாவுடையது. மூக்கு நீண்ட பழைய லாரி. குப்பத்தில் வேறு யாருக்கும் லாரி கிடையாது என்பதை இப்போதும் நான் தலை நிமிர்ந்துதான் சொல்லுவேன். நைனா கடலோடு சேர்ந்த எங்கள் உப்பு ஏரியில் வலை போட்டவர். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பதை நாங்கள் "பாடு" என்போம். அந்தப் பாட்டைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்து, படகையும் விற்று, பட்டணத்துக்குப் போய் இந்த லாரியைப் பிடித்து வந்து, ஓட்டவும் தாமே கற்றுக்கொண்டார். காரணம் இதுதான். எங்கள் ஊர் எறால் அத்தனையும் ஒரே ஒரு ஏஜெண்டின் லாரியில்தான் போகும். ஐஸ் அவனுடையது, தராசு அவனுடையது, எறால் கெட்டுப்போவதற்குள் அவன் வாய் திறந்து ஏதாவது ஒரு விலை சொன்னால் போதும் என்று ஆம்பிளைகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நைனாவுக்கு அந்த நிற்பு பிடிக்கவில்லை. "நம்ம எறாலு நம்ம வண்டில போவணும், பட்டணத்து மார்க்கெட்ல நாமளே நின்னு ஏலம் உடணும்"னு சொல்லுவார். அதைக் கேட்டு ஊரும் நம்பிற்று. முதல் வருஷம் கொஞ்சம் பேர், அடுத்த வருஷம் எல்லாரும் கூடையை இங்கேதான் ஏற்றுவதாக வாக்குக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு வருஷத்துக்கும் நடுவில் மழைக்காலம் வந்தது. மழைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி, உப்புக் காற்று மரத்தைத் தின்னாமல் இருக்கச் சுறா ஈரலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைப் பூசுவது எங்கள் வழக்கம். நைனாவுக்குப் படகு இல்லை, லாரிதான் இருந்தது. ஆகவே லாரிக்குப் பூசினோம். முதலில் ஏரித் தண்ணீரால் நன்றாகக் கழுவினோம், பிறகு அம்மா, சித்தி, நான், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு துணியை எண்ணெயில் முக்கிக்கொண்டு கதவு, சக்கரம் என்று தொடங்கி, மூக்கைத் திறந்து உள்ளே என்ஜினின் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் தடவினோம். உப்புத் தண்ணீர் மேல் எண்ணெய். மரத்துக்கு அது மருந்து. இரும்புக்கு, அதுவும் சூடேறும் இரும்புக்கு அது என்ன என்று எங்களில் யாருக்குத் தெரியும்? வேலை முடிந்ததும் வண்டி பளபளவென்று, புதுப் படகு மாதிரி நின்றது. நைனா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

மார்கழியில் வண்டி ஓடத் தொடங்கியது. சூட்டில் அந்த எண்ணெய் காய்ந்து, கருகி, தார் மாதிரி இறுகி, உள்ளே துருவோடு துருவாகச் சேர்ந்துகொண்டது வெளியே தெரியவில்லை. வெளியே தெரிந்தது வேறு. என்ஜினிலிருந்து புகையை வாங்கிச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு "பேக்கிங்" உண்டு, அது எரிந்துபோனது. புகை ஓட்டுகிறவர் முகத்தில் அடித்தது, வண்டி இழுக்கவில்லை, மணலில் ஏறவே மாட்டேன் என்றது. பேக்கிங் சின்னத் தகடுதான். ஆனால் அதை மாற்ற வேண்டுமானால் குழாயைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாம் கழல வேண்டும்.

மீஞ்சூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள், எனக்கும் வேறு பெயர் தெரியாது. என்ஜினுக்குள் தலையை விட்டவர் வெளியே எடுத்து, போல்ட்டை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இன்னா அண்ணே, என்ஜினுக்கு மீன் கொழம்பு வச்சு ஊத்திகீறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. "உப்புக் காத்துல நிக்கிற பொருளுக்கு எண்ணெ போடாம இன்னா பண்ணுவாங்க?" என்றார். பாய் மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னார்.

பிறகு ஆரம்பித்தது அந்த வேலை. போல்ட்டுகளின் கழுத்தில் மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி ஊறப்போடுவார். காலையில் சுத்தியலால் தலையில் பதமாகத் தட்டுவார், ஓங்கி அடிக்க மாட்டார். ஸ்பானரை மாட்டிக் கழற்றுகிற பக்கம் திருப்பாமல் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்புவார், பிறகு இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். அதற்கும் அசையாததை ஊதுவிளக்கால் சிவக்கச் சுட்டு, சூட்டோடு மெழுகுவர்த்தியை வைத்து அழுத்துவார்; மெழுகு உருகித் துருவுக்குள் இறங்கும். அழுகிற பிள்ளையைத் தூங்கவைக்கிற பொறுமை அது. சிலது கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்தன. சிலதற்குத் தலை வழுக்கிப்போயிற்று. அதை அரத்தால் ராவி, சின்ன ஸ்பானரை அடித்து ஏற்றி எடுத்தார். அதற்குள் ஏரியில் எறால் நன்றாகப் பட ஆரம்பித்துவிட்டது. பிடித்தவர்கள் தினமும் எங்கள் வாசலில் நின்று, இன்னிக்கு ஆவுமா என்று கேட்டுவிட்டு, ஆகாது என்று தெரிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டிடம் போனார்கள். அவன் விலையை இன்னும் இறக்கினான். உங்க லாரிதான் இருக்குதே என்று குத்திக் காட்டியும் அனுப்பினான்.

கடைசியாக ஒன்றே ஒன்று மிச்சம் நின்றது, ஓரத்துப் போல்ட்டு. பாய் அதைச் சுட்டுப் பார்த்தார், மெழுகு வைத்துப் பார்த்தார், அசையவில்லை. ஊதுவிளக்குச் சூடு இதற்குப் போதாது, மீஞ்சூர் போய் கேஸ் கொண்டுவந்து சுட வேண்டும், நாளைக் காலையில் வருகிறேன் என்றார். போகும்போது நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா காது கேட்க ஒன்று சொன்னார்.

"அண்ணே, நான் வர்ற வரைக்கும் அது மேல கை வைக்காதீங்க. அது கோச்சிகினு இருக்குது."

மத்தியானம் ஆம்பிளைகள் வந்தார்கள், சித்தப்பா, மாமன்மார், முன்பு நைனாவோடு பாட்டில் வலை போட்டவர்கள். அன்றைக்குத்தான் அந்த வருஷத்திலேயே அதிகமாக எறால் பட்டிருந்தது. கூடைகள் கரையில் அடுக்கியிருந்தன, ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு போல்ட்டுக்காகவா இத்தனையும் அவனிடம் போகணும் என்று யாரோ ஆரம்பித்தார்கள். கரையில் மணலுக்குள் புதைந்த படகையே நாம் இழுத்து ஏற்றுகிறோமே, இது என்ன விரல் பருமன் இரும்பு என்றார் சித்தப்பா. ஸ்பானரில் ஒரு நீளக் குழாயை மாட்டி, குழாயின் நுனியில் படகு இழுக்கும் கயிற்றைக் கட்டினார்கள்.

அம்மா அதுவரை அரிசி களைந்துகொண்டிருந்தவள், கை ஈரத்தோடு எழுந்து வந்து லாரிக்கு முன்னால் நைனாவைப் பார்த்து நின்றாள்.

"மாமா, அந்த பாய் சொன்னது உன் காதுல உழலியா? வாணாம். இன்னிக்கி ஒரு நாளு அவன்கிட்டயே போட்டுடுங்க."

"நீ நவுரு," என்றார் நைனா. "இன்னொரு நாளு இவங்கள அவன் வாசல்ல நிக்க வைக்க என்னால முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. அம்மா நகர்ந்தாள்.

படகை இழுக்கும்போது கொடுக்கும் குரலைக் கொடுத்து இழுத்தார்கள். படகு இழுவைக்கு ஒரு ஆள் குரல் கொடுக்க, மற்றவர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் சாய்வார்கள்; இடையில் யாரும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் படகு பின்னால் சரியும். மண்ணுக்கு அது சரி. வார்ப்பிரும்பு மண்ணில்லை. கயிறு விறைத்தது, குழாய் வளைந்தது, ஒரு சத்தம் கேட்டது, எல்லாரும் மல்லாந்து மணலில் விழுந்தார்கள். போல்ட்டு கழன்றுவிட்டது என்று நினைத்துச் சிலர் படுத்தபடியே கைதட்டினார்கள்.

நைனா எட்டிப் பார்த்தார். போல்ட்டு கழலவில்லை, பாதியில் முறிந்து உள்ளேயே நின்றது.

மறுநாள் பாய் கேஸ் உருளையை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்து பார்த்தவர் யாரையும் திட்டவில்லை. ரேடியேட்டரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். போல்ட்டு உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முடி கனத்துக்கு விரிசல், அதிலிருந்து தண்ணீர் கசிந்து சொட்டிற்று.

"போல்ட்டு மட்டும் ஒடஞ்சிருந்தா தொளை போட்டு எடுத்துருவேன் அண்ணே," என்றார். "ஹெட்டு வெடிச்சிடுச்சி. இத இங்க வச்சி ஒண்ணியும் பண்ண முடியாது."

ஹெட்டு என்றால் என்ஜினின் தலை. அந்த மாடலுக்கு வேறு ஹெட்டு தேடி நைனா பட்டணத்துக்கு நடையாய் நடந்தார். கிடைத்தது எங்கள் கைக்கு எட்டவில்லை, எட்டியது பொருந்தவில்லை. பருவம் முடிந்தது. கயிறு பிடித்த அதே கைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகவே ஏஜெண்டிடம் போயின. வாசலில் நின்று கேட்பதையும் விட்டுவிட்டார்கள். யாரும் நைனாவை ஒரு சொல் சொல்லவில்லை, அவர்களும்தானே இழுத்தார்கள். அடுத்த வருஷம் நைனா தம்பியின் பாட்டில் கூலி ஆளாக வலை இழுத்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கச் சொல்லி அம்மா சொன்னாள். கொடுத்தது கொடுத்ததுதான் என்று சொல்லிவிட்டார். சாகிற வரைக்கும் அப்படித்தான்.

லாரி அதே இடத்தில் நின்று மணலில் அச்சு வரை இறங்கியது. கோழிகள் அதில் முட்டையிட்டன. நான் கல்யாணமாகிச் சுண்ணாம்புக்குளம் போய்த் திரும்பி வந்தபோது காயலான்கடைக்காரர்கள் வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். இப்போது அந்த வீடும் இல்லை, வாசலும் இல்லை. சிமெண்டு ரோடு வந்துவிட்டது. பாட்டுக்குச் சீட்டுப் போடுகிற நாளில் கூடுகிற கூட்டமும் பாதிக்குப் பாதியாகிவிட்டது. பிள்ளைகள் விடியற்காலையில் மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள்.

போன மாதம் என் மகனிடம் சொன்னேன், ஊரில் பத்துப் பேர் சேர்ந்து சின்னதாக ஒரு வண்டி வாங்கினால் என்ன என்று. அவன் வலையைப் பிரித்துக்கொண்டே சிரித்தான்.

"வண்டி வாங்கறது இன்னாம்மா பெரிய விசியம், தவணைல நாளைக்கே குடுப்பான். ஏத்தறதுக்கு எறாலு எங்க இருக்குது?"

வலையில் நண்டுக் குஞ்சுகளும் பிளாஸ்டிக் பையும் இருந்தன. பொறுக்கி எடுக்க நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.