இரண்டு மணி மாத்திரை

நான் காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். பேய், பிசாசு என்றால் சிரிக்கிற கட்சிதான் நானும். இதை நம்பக் கூடாது என்று எவ்வளவோ முயன்று பார்த்தேன். முடியவில்லை. இது நள்ளிரவில் நடக்கவும் இல்லை. பட்டப்பகலில், ஜன்னல் திறந்து, கட்டில்வரை வெயில் விழுந்து கிடந்தபோது நடந்தது.

உடம்பு முடியாதவர்களை அவரவர் வீட்டிலேயே சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏஜென்சியில் எனக்குப் பட்டப்பெயர் 'சந்தேகம்'. மாத்திரை விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். ஆள், மருந்து, அளவு, வேளை எல்லாம் ஒத்துப்போனால்தான் என் கை நீளும். இன்னொருவர் எடுத்து வைத்த மாத்திரையைச் செத்தாலும் கொடுக்க மாட்டேன்.

அந்த வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற கம்பவுண்டர். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தே தலை நரைத்தவர். மனைவி இறந்துவிட்டார். பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தார். மகள் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். பகலில் வீட்டில் அவரும் நானும் மட்டும்.

முதல் நாளே எனக்குப் பரீட்சை வைத்தார்.

"மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி என்ன கேப்ப?"

"உங்க பேரு என்னன்னு கேப்பேன் ஐயா."

"தெரிஞ்ச ஆளா இருந்தாலுமா?"

"பெத்த அப்பனா இருந்தாலும்."

"அப்புறம்?"

"முழுங்கினதும் நாக்கைக் காட்டச் சொல்வேன்."

"பொழைச்சுக்குவ" என்று சிரித்தார்.

அன்று முதல் எங்களுக்குள் அதுவே விளையாட்டாகிவிட்டது. நான் கேட்டதும் போலீஸ்காரர் மாதிரி உரக்கப் பெயரைச் சொல்வார். விழுங்குவார். சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

இரண்டாவது வாரம்...

மதிய மாத்திரைக்கு நேரமாகிவிட்டதே என்று அறைக்குள் போனேன். மணி இரண்டு தாண்டி ஒரு நிமிடம்தான் இருக்கும். வாயைத் திறந்து நான் எதுவும் கேட்கவில்லை. அதற்குள் நாக்கை நீட்டினார்.

"இப்பதான் முழுங்கினேன்."

"யாரு குடுத்தா?"

"வந்து குடுத்துட்டுப் போனாளே."

வீட்டில் என்னைத் தவிர ஒரு ஈ, காக்கை இல்லை. மருந்து அலமாரி பூட்டியிருந்தது. அட்டையில் அன்றைய மாத்திரை பிரிக்காமல் அப்படியே இருந்தது. வயதாகிவிட்டது, உளறுகிறார் என்று கொடுத்துவிடலாம்தான். அப்படிக் கொடுப்பதில்தான் உயிர் போகும். சாப்பிட்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், சாப்பிடவில்லை என்று உறுதியாகும்வரை கொடுக்கக் கூடாது. ஏஜென்சி நர்சுக்கு போன் செய்தேன். விவரம் கேட்டுவிட்டு, அந்த வேளையை விட்டுவிடச் சொன்னார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர். பாதித் தண்ணீர். அதை நான் வைக்கவில்லை.

மறுநாளும் அதே கதை. இந்த முறை அவர் நாக்கில் ஆரஞ்சு நிறம் ஒட்டியிருந்தது. அவருடைய மாத்திரைகள் எல்லாம் வெள்ளை. நர்ஸ் பதறிப்போய், அடுத்த நாள் சாயங்காலமே டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்தார்.

என் சந்தேகம் மகள் மேல் போனது. வாசல் சாவி இன்னொன்று அவரிடம்தான் இருந்தது. நான் சமையலறையில் இருக்கும்போது நைசாக வந்து, எதையோ கொடுத்துவிட்டுப் போகிறாரோ? அவர் வீடு திரும்பியதும் கேட்டே விட்டேன்.

"அக்கா, அப்பாவுக்கு வேற மாத்திரை ஏதாவது குடுக்கறீங்களா?"

"நானா? பகல்ல கூட இருக்கறது நீங்கதானே."

சொல்லிவிட்டு என் கைப்பையை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். வாசலை உள்பக்கம் தாழிட்டேன். அலமாரிச் சாவியை இடுப்பில் செருகினேன். கையுறையைக்கூட முன்னதாகவே மாட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சுவர்க் கடிகாரம் அடித்தது. டங்... டங்...

பெரியவர் தலையைத் திருப்பினார். என் பக்கம் இல்லை. கட்டிலின் மறுபக்கம்.

அங்கே வெறும் சுவர்.

உரக்கத் தன் பெயரைச் சொன்னார்.

நான் கேட்கவே இல்லை...

வாயைத் திறந்தார். மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. நாக்கை நீட்டிக் காட்டினார். சுவருக்கு.

 நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தேன்.

மறுபடி அவர் பெயரைச் சொன்னார். இந்த முறை குரல் நடுங்கியது.

"வேணாம்... இப்பதானே குடுத்த..."

கன்னம் இரண்டும் குழிந்தன. யாரோ தாடையைப் பிடித்து அழுத்துவது போல.

வாய் திறந்தது.

க்ளிக்.

பல்லில் ஏதோ பட்ட சத்தம்.

பாய்ந்தேன். விரலை விட்டு எடுத்தேன்.

ஆரஞ்சு மாத்திரை.

முழுசாக. ஈரமாக.

ஆம்புலன்சுக்கும் மகளுக்கும் போன் செய்தேன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், மாத்திரையைச் சுற்றி வைத்திருந்த டிஷ்யூவைப் பிரித்துக் காட்டினேன். மகள் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது... எங்க அம்மா மாத்திரை."

இதயத் துடிப்புக்கான மருந்தாம். அளவு மீறினால் துடிப்பே நின்றுவிடுமாம். மனைவிக்கு வேளாவேளைக்குக் கொடுத்துவந்தது பெரியவர்தான். ஒரு நாள் மதியம் கொடுத்துவிட்டு, கொடுத்ததை மறந்து, திரும்பவும் எடுத்து வந்திருக்கிறார்.

"வேணாம், இப்பதானே குடுத்தீங்கன்னு அம்மா கெஞ்சினதை அப்பாவே பின்னால சொல்லி அழுதாரு. ஆஸ்பத்திரியிலயே ஊறினவரு, கேப்பாரா? உனக்கு ஒண்ணும் தெரியாது, பேரைச் சொல்லு, வாயைத் தெறன்னு அதட்டினாரு. நாக்கைக் காட்டச் சொல்லிப் பாத்தாரு. சாயங்காலம் அம்மா இல்ல." மகள் அழுதார். "மிச்ச மாத்திரையை எல்லாம் என் கையாலதான் சாக்கடையில கொட்டினேன்."

பெரியவரை நினைத்தாலும் பாவமாக இருந்தது. அந்த அம்மாவை நினைத்தாலும் பாவமாக இருந்தது. ஆனால் டாக்டருக்கு அந்தக் கதை வேண்டாம். பெரியவரின் ரத்தத்தில் அந்த மருந்து இருந்தது, அதுவும் ஆபத்தான அளவில். பகலில் கூட இருந்தது யார் என்று கேட்டார். எல்லாருடைய கண்ணும் என் மேல் வந்து நின்றது.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விஷம் வைத்தவள் என்று ஒரு முறை பேர் வந்துவிட்டால், எந்த வீட்டில் மறுபடி மாத்திரை அட்டையைத் தொட விடுவார்கள்? பிழைப்பே போச்சு. விசாரணை முடியும்வரை மகளையும் உள்ளே விடவில்லை. பெரியவரைத் தனி அறையில் வைத்து, ஆஸ்பத்திரி ஆட்களே பார்த்துக்கொண்டார்கள். நான் வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சில நாள் கழித்து ஏஜென்சி நர்ஸ் போன் செய்தார்.

"உன் மேல தப்பில்லன்னு தெரிஞ்சுபோச்சும்மா. வேலைக்கு வந்துடு."

அப்பாடா என்று இருந்தது. அழுகையே வந்துவிட்டது.

"எப்படி சிஸ்டர் தெரிஞ்சது?"



"ரத்தத்துல அந்த மருந்து இறங்கணும் இல்லையா... தினமும் ஏறிக்கிட்டே இருக்காம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்புறம்... மதியம் ரெண்டு மணி ஆனா, யாருமே கேக்காம சத்தமா பேரைச் சொல்றாராம். ஒரு தடவை இல்ல... ரெண்டு தடவை."