பெயர் கொடுக்காத திருவிருந்து

இலங்கையில், மாத்தளையில் நான் காய்கறி வாங்கும் கடைக்காரர் ஃபலீல் நானா முதல் நாளே கேட்டார்: "மிஸ், நீங்க கத்தோலிக்கா, கிறிஸ்டியனா?" இரண்டும் வேறா என்று முழித்தேன். இங்கே வேறாம். "லுத்தரன்" என்றேன். "அது எந்த நாட்டுக் கம்பனி?" என்றார். இந்தியாவுக்கே லுத்தரன் சபை வந்திறங்கிய தரங்கம்பாடியில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது! ஊரில் உள்ளவர்களே, சிரிக்காதீர்கள். அந்தப் பெயரில் ஒரு கோயில் இந்த ஊரில் என் கண்ணில் படவில்லை. என் வீட்டுக்காரர் இங்கே கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் இந்து. தடுக்கவும் மாட்டார், கூட வரவும் மாட்டார். ஆகவே பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னத் தமிழ்ச் சபைக்குத் தனியாகவே போனேன்.

நம்மூரில் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்க வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலமே ஐயர் வீட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட வேண்டும். போதகரைத்தான் நாங்கள் ஐயர் என்கிறோம். "யாரோடயாவது மனஸ்தாபம் இருக்கா?" என்று கேட்பார். இருந்தால், தீர்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார். அம்மா ஒருமுறை பக்கத்து வீட்டு அத்தையிடம் பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துதான் பெயர் கொடுத்தாள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒரு சனிக்கிழமை பாஸ்டர் வீட்டு கேட்டைத் தட்டி, "பேரு குடுக்க வந்தேங்க" என்றேன். பாஸ்டரின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாமான் பொதி எல்லாம் போன கிழமையே குடுத்து முடிஞ்சிருச்சுங்களே" என்று கேட்டைச் சாத்தினார். நிவாரணம் வாங்க வந்தவளாம் நான்! உடம்பெல்லாம் எரிந்தது. விறுவிறுவென்று திரும்பிவிட்டேன்.

பெயர் கொடுக்காமல் பந்திக்குப் போவது எனக்குப் பாவம். எனவே மாதாமாதம் எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது நான் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திருவிருந்துக்கு முன் சாப்பிடாத வழக்கப்படி, பசியோடுதான். வருடம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. தலைகள் திரும்பும், குசுகுசுப்பு ஓடும். நாவுல என்ற ஊர்ப் பக்கத்து ஜெபக் கூட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று நினைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். யாராவது சிரித்தால்கூட, இவளுக்கு என்ன வேண்டுமாம் என்றுதான் தோன்றும்.

பந்தியில் ரசக் கிண்ணத் தட்டு ஏந்துகிற ஸ்டெல்லா அக்கா தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்து நர்ஸ் ஆனவர். போன மாதம் வாசலில் என்னை மறித்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க ஞானஸ்நானம் எடுத்தவங்கதானே? பெறகு ஏன் எந்திரிச்சு வாறதே இல்ல? எங்க கையால வாங்கிக் குடிக்க ஒரு மாதிரியா இருக்கோ?"

"ஐயோ, அப்படி இல்லக்கா..."

"இந்தியாவுல இருந்து வந்தவங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?"

சுருக்கென்றது. எந்த முகத்தோடு கோபப்படுவேன்? எங்கள் கோயிலிலேயே எந்தச் சாதி எந்தப் பக்கம் உட்கார்வது, யார் முதலில் கிண்ணத்தில் வாய் வைப்பது என்று அடித்துக்கொண்ட கதையை அப்பா சொல்லியிருக்கிறார். நான் ஒழுக்கம் என்று பிடித்துக்கொண்டிருந்தது இவர்கள் கண்ணுக்குத் தீட்டாகத் தெரிந்திருக்கிறது. பெயர் கொடுக்கும் வழக்கத்தை அக்காவுக்கு விளக்கினேன். "அப்பிடிங்களா" என்றார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கடந்த திருவிருந்து ஞாயிறு எழுந்து போனேன். பெயர் கொடுக்கவில்லை, அக்காவோடு மனஸ்தாபமும் தீரவில்லை. எங்கள் ஐயர் பார்த்தால் திருப்பி அனுப்பியிருப்பார். அப்பத்தை வாயில் போட்டேன். அக்கா தட்டை நீட்டினார். கிண்ணத்தை எடுத்து வாயில் சரித்தேன். வரிசை காத்திருந்தது. அக்கா அடுத்தவரிடம் நகரவில்லை. நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.