ரோகு என்று எழுதிய குப்பி

பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். சத்தியமங்கலத்தில் பவானி ஆற்று மீனவர் ஒருவர் விரல் நீள மீன் ஒன்றைக் கொடுத்தார்.

"முன்னெல்லாம் இது நெறைய வருமுங்க அம்மணி. இப்ப ஒண்ணு சிக்குனாலே பெருசுங்க."

அந்த மீனின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் மரபணுத் தொடர் முழுவதையும் கண்டறிவதுதான் என் வேலை. உடலைக் கெடாமல் இருக்க ஃபார்மலினில் போட்டுவிட்டோம். அதிலிருந்து இனி டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு. சதையில் சிறு துண்டு மட்டும் ஆல்கஹால் குப்பியில் இருந்தது.

ஒரு மத்தியானம், டி.என்.ஏ. தொடரைப் படித்துச் சொல்லும் சீக்வென்சிங் முடிவு வந்தது. ஏற்கெனவே பதிவான மீன்களின் தொடர்களோடு கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தேன். ரோகு என்றது. மீன்கடையில் கிலோக் கணக்கில் விற்கும் அதே ரோகு.

காரணம் உடனே தெரிந்துவிட்டது. ஜூனியர்கள் பயிற்சிக்காக வைத்த ரோகு சதையும் அதே மாதிரிக் குப்பியில் பக்கத்தில் இருந்தது. ஒருநாள் ஆல்கஹால் கசிந்து இரண்டிலும் மார்க்கர் எழுத்து அழிந்துபோனது. யாரிடமும் சொல்லாமல், குத்துமதிப்பாக நானே மறுபடி பெயர் எழுதி வைத்திருந்தேன்; இரண்டும் மாறிப்போயிருந்தன.

"ரிசல்ட் வந்துருச்சா அம்மணி?" என்று கேட்டார் என் வழிகாட்டிப் பேராசிரியை.

"இன்னும் வரலீங்க மேடம்."

இரண்டு நாள் அந்தப் பொய்யோடு இருந்தேன். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அழிஞ்சப்பவே சொல்லியிருக்கலாமே கண்ணு. நானென்ன தின்னுபோடுவனா?"

"பயமா இருந்துச்சுங்க."

"செரி, ரோகுன்னு எழுதுன குப்பியக் கொண்டா."

திறந்தோம். ரோகு என்று நம்பி ஜூனியர்கள் அதில் வெட்டி வெட்டிப் பழகியிருந்தார்கள். மிஞ்சியது நூல் போல ஒரு துணுக்கு. அதுவும் வீணானால் ஆற்றில் இன்னொன்று எப்போது கிடைக்கும்?

மேடம் பக்கத்திலேயே நின்றார். துளித்துளியாக அளந்து எடுக்கும் பிப்பெட்டை இரண்டு முறை கீழே வைத்துவிட்டு எடுத்தேன். அந்தத் துணுக்கு முழுவதும் செலவாயிற்று. டி.என்.ஏ. கிடைத்ததா என்று காட்டும் ஜெல்லில் தெரிந்தது மங்கலான ஒரே கோடு. அதை நம்பிச் சீக்வென்சிங்குக்கு அனுப்பினோம். அடுத்த சில வாரங்கள் கைப்பேசி ஒலித்தாலே எனக்குத் திக்கென்றது.

முடிவு வந்தபோது ரோகு இல்லை. எங்கள் மீனின் நெருங்கிய உறவுகளோடுதான் பொருந்தியது. பதினாறாயிரத்துச் சொச்சம் டி.என்.ஏ. எழுத்துகள்; வட்டமாக இருக்கும் அந்த மைட்டோகாண்ட்ரியத் தொடர் இடைவெளியில்லாமல் முழுதாகக் கிடைத்திருந்தது. என்னால் நம்ப முடியவில்லை. மறுபடி ஒப்பிட்டேன், அப்புறம் இன்னொரு முறை.

மேடம்தான் கணினியை அணைத்தார்.

"போதுங் கண்ணு. ஊட்டுக்குப் போய்ச் சாப்புடு."