தூங்கிட்டு வா, காத்திருக்கேன்

எங்கள் அக்கா பினாங்குப் பக்கம் பாகான் டாலாமில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு செபராங் ஜெயாவில் ஒரு லோரி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் வருடமே அங்கே ஓட்டுநர் ஒருவர் வண்டியில் கண்ணயர்ந்து விபத்தில் மாண்டார். அவர் வீட்டுக்குச் செய்தி சொல்லப் போனவர் அக்கா. அதன் பிறகு முதலாளியிடம் மல்லுக்கட்டி, எல்லா லோரிச் சாவிகளையும் தம் மேசைக்குள் வாங்கி வைத்துக்கொண்டார்.

எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டு, கண்ணையும் பார்த்த பிறகுதான் சாவி. ஒருநாள் நான் போயிருந்தபோது, மீசை வைத்த ஆஜானுபாகுவான ஓட்டுநர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா தூங்கிட்டேன் லா, அக்கா!"

"சரக்கு லேட்டானா முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன், அண்ணே. இன்னொரு வீட்டுல போயி என்னால பேச முடியாது. படுங்க."

ஐந்தடிகூட இல்லாத அக்கா சொன்னதும் அவர் பெஞ்சில் படுத்து, உடனே குறட்டை விட்டார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு அக்கா ஜோர்ஜ்டவுனில் மருத்துவமனையில் இருந்தார். நிலைமை மோசம் என்று ஜொகூரில் எனக்குத் தகவல் வந்தபோது, இரவு வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. ஏழெட்டு மணி நேரப் பயணம். தூங்காமல் அப்படியே காரை எடுத்துவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கூப்பிட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். பாதி வழிக்கு மேல் வந்து, நெடுஞ்சாலையோரம் தாப்பா ஓய்விடத்திலிருந்து கூப்பிட்டேன்.

"தம்பி, எப்பத் தூங்கின?"

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. வந்துடுறேன்."

"அதை நான் கேக்கல. சாவியைப் பையில போடு. தூங்கிட்டு வா, காத்திருக்கேன்."

இரண்டு மணி நேரம் தூங்கினேன். பினாங்குப் பாலத்தில் வரும்போது தொலைபேசி விடாமல் அடித்தது. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்பதும் அக்காவின் சட்டம்தான். மருத்துவமனையில் காரை நிறுத்திய பிறகே எடுத்தேன். அரை மணி நேரத்துக்கு முன்பு அக்கா எங்களை விட்டுப் போய்விட்டிருந்தார்.

பல மாதங்கள் அக்காமீது எனக்குக் கோபம். அக்காவின் கணவரான மாமாதான் ஒருநாள் சொன்னார்: "சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் காலையிலேயே சொல்லிட்டாருப்பா. அவளுக்குத் தெரியும்."

ஓட்டுநர்களின் பொய்யைக் கண்ணைப் பார்த்தே பிடித்தவர், எனக்கு ஒரு பொய் சொல்லித் தூங்க வைத்திருக்கிறார். என்னைப் பார்க்க அவருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! நினைக்க நினைக்க மலைத்துப் போகிறேன்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட தாதியருக்கும், கம்பெனி நண்பர்களுக்கும், இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குத் தொலைவிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வீட்டில் பாய் விரித்திருக்கிறோம். யாருக்காவது கண் சொக்கினால், சாவியை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.