என் காலடி மண்

எங்கள் வீட்டில் மண் என்றால் ஆளுக்கு ஒன்று. அப்பாவுக்கு அது கப்பலேறி விட்டுவந்த ஊர். என் கணவருக்கு, இந்தத் தீவில் செமின் கிரனியே ஊர்ப் பக்கம் தோட்டத் துரைமார் நிலத்தைத் துண்டு போட்டு விற்றபோது வாங்கிய ஒன்றரை ஏக்கர் கரும்புக்காடு. எனக்கு அது வசவு. யாரையாவது மண்ணாங்கட்டி என்று திட்டாமல் எனக்குப் பொழுது போகாது.

ஒருநாள் காலை, பக்கத்துக் காட்டுக்காரி வரப்பில் குனிந்திருந்தாள். நான் சற்றுமுன் நடந்துபோன ஈரத் தடத்திலிருந்து மண்ணைக் கிள்ளி முந்தானையில் முடிந்தாள். எனக்குப் பகீரென்றது. காலடி மண்ணை எதற்கு எடுப்பார்கள்? செய்வினைக்குத்தான். கல்யாணமாகி எட்டு வருஷமாக என் வயிறு திறக்காததற்கும் இவள்தான் காரணம் என்று அங்கேயே முடிவு கட்டினேன். கணவரிடம் சொன்னால், உனக்கு எதைக் கண்டாலும் சந்தேகம் என்றார். கரும்பைத் தவிர அவருக்கு என்ன தெரியும்?

சாயங்காலம், நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவள் வீட்டுக்கே போனேன். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. அவளுடைய ஒரு வயதுப் பிள்ளை காய்ச்சலில் துவண்டு பாயில் கிடந்தது. அவள் என் காலடி மண்ணோடு உப்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்துப் பிள்ளையை மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டாள். கண்ணேறு இல்லையென்றால் மிளகாய் நெடி மூக்கைத் துளைக்கும். தும்மல் வராதா என்று நான் காத்து நின்றேன். ஒரு நெடியும் இல்லை.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பிள்ளை இல்லாதவங்க கண்ணுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு வேற வழி தெரியலை."

"என் கண்ணா? நல்லா இருக்குடி உன் நியாயம்" என்று கத்திவிட்டு வந்தேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சிக்கு அழுததாம். ஊருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டுமா? காய்ச்சல் தானாக இறங்கியது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சண்டை போட்டேன். கணவரும் எனக்காகப் பரிந்து பேசினார்.

அவருக்கும் ஒன்று தெரியாது. முந்தின வாரம் அவள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது, காட்டிலிருந்து பொறுக்கி ஓரமாகக் குவித்திருந்த கற்குவியலின் நிழலில் அந்தப் பிள்ளை தனியாகத் தூங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். உன்னை அவளுக்கு எதற்குக் கொடுத்தான் கடவுள் என்று அதன் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.