எங்கள் வீட்டுக்கு எது முன்வாசல்?

சுக்குத் தூள் மூக்கில் ஏறினால்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியதாகக் கணக்கு. கொச்சி மட்டாஞ்சேரியில் நான் படித்த அரசுப் பள்ளியின் மதிலுக்கு அப்பால் ஒரு சுக்குக் கிடங்கு இருந்தது. அங்கே மூட்டைகளைக் கொட்டிச் சலிக்கிற நாட்களில் தூள் காற்றில் ஏறி, ஓட்டு இடுக்கு வழியாக நேராக எங்கள் வகுப்பில் வந்து இறங்கும். முன்பெஞ்சில் ஒருத்தி தும்முவாள், அவளைப் பார்த்துச் சிரித்தவள் தும்முவாள், கடைசியில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும் டீச்சரே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போதும்டீ, பாடத்தைத் தும்மியே தீத்துடாதீங்கோ" என்பார். அந்த எழுபதுகளில் பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம்தான். கடைசி அறை மட்டும் "தமிழ் டிவிஷன்". எனக்கு அந்த அறையும், அதில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஹ்மத்தும்தான் உலகம்.

ரஹ்மத் எங்கள் அடுத்த வீடு. தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பம். அவளுடைய அத்தாவுக்குத் தோப்பும்படியில் மீனுக்கு ஐஸ் போடுகிற வேலை. நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைக்கு "ரெண்டு வாசல் லைன்" என்று பெயர். இரண்டு சந்துகளுக்கு நடுவே நீளநீளமாக ஒட்டிக்கொண்டிருந்த வீடுகள்; ஒரு வாசல் மேற்குச் சந்தில் திறக்கும், இன்னொன்று கிழக்குச் சந்தில் திறக்கும், நடுவில் ஒரு குட்டி முற்றம். எங்கள் முற்றத்துக்கும் ரஹ்மத் வீட்டு முற்றத்துக்கும் இடையில் இருந்த சுவர் ஏதோ ஒரு மழையில் பாதி இடிந்துபோய், அதைக் கட்ட இரண்டு வீட்டாருக்கும் மனம் வராமல் அப்படியே கிடந்தது. குழம்புக் கிண்ணங்களும் நாங்களும் அந்த வழியாகத்தான் போய்வருவோம்.

இப்படி நாங்கள் தும்மிக்கொண்டு சந்தோஷமாக இருந்த காலத்தில்தான் சுள்ளிக்கல் பக்கம் ஒரு புதுப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் நிரம்பி வழிந்ததால், சுற்று வட்டாரத்தை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை அங்கே அனுப்புவது என்று கல்வி அலுவலகத்தில் முடிவாயிற்று. கோடு போட்டவர் வரைபடத்தில் எங்கள் வரிசையின் மேலேயே பேனாவை ஓட்டிவிட்டார். மேற்குச் சந்தைப் பார்த்த வீடுகளுக்குப் பழைய பள்ளி, கிழக்குச் சந்தைப் பார்த்த வீடுகளுக்குப் புதுப் பள்ளி. நீங்களே சொல்லுங்கள், இரண்டு பக்கமும் பார்க்கிற வீட்டை என்ன செய்வது?

புதுப் பள்ளியில் தமிழ் கிடையாது. தமிழ் டிவிஷனில் பெரும்பாலான பிள்ளைகள் எங்கள் வரிசைதான். அதில் பாதி போய்விட்டால் அந்த வகுப்பையே மூடிவிட்டு, தன்னை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று டீச்சர் சொன்னார். பாலக்காட்டுப் பக்கம் சிற்றூரிலிருந்து வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த அவர், அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு யாரும் தும்மவில்லை, அழுதோம்.

எங்கள் வரிசை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கேரளத்தில் கட்சி பிரிய யாருக்கும் சொல்லித்தர வேண்டுமா? "மேக்குக் கட்சி", "கெழக்குக் கட்சி" என்று பெயர் வந்துவிட்டது. குழாயடியில் குடங்கள் இரண்டு வரிசையாக நின்றன. பிள்ளைகள் நாங்கள் பழைய குடைக்கம்பியில் அம்மாவின் கிழிந்த பாவாடைத் துணியைக் கட்டிக்கொண்டு, "தமிழ் கிளாஸ் ஸிந்தாபாத்" என்று சந்தைச் சுற்றி வந்தோம். கிழக்குக் கட்சிப் பிள்ளைகள் எதிரே வந்து "புதிய ஸ்கூல் ஸிந்தாபாத்" என்றார்கள். முக்கில் இருந்த சாயாக்கடைக்காரர் இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு பழம்பொரித் துண்டு கொடுத்ததால், ஊர்வலம் தினமும் நடந்தது.

வெளியே கட்சி என்றால் எங்கள் வீட்டுக்குள்ளும் கட்சி. அப்பா கிழக்கு, அம்மா மேற்கு. அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர். கொச்சியிலேயே பிறந்து, இதே தமிழ் டிவிஷனில் படித்தவர். மலையாளம் சரளமாகப் பேசுவார், ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாது. "யூனியன் நோட்டீஸ் ஒட்டினா, பியூன் வந்து வாயிச்சுச் சொல்ற வரைக்கும் நான் வாயைப் பொளந்துட்டு நிக்கணும். என் மோளுக்கு அந்த கெதி வேண்டா. அவ மலையாளம் படிக்கட்டும்" என்பது அவர் பேச்சு.

அம்மா தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்தவள், எழுத்தே தெரியாது. "இவ தமிழ் படிக்கலேன்னா எங்க அண்ணனுக்கு யாரு கடுதாசி போடுவா? உங்ககிட்டச் சொல்லி எழுதச் சொன்னா, 'நலம், நலமறிய ஆவல்'னு ரெண்டு வரியில முடிச்சிட்டுப் படுத்துக்கிடுவீங்க. நான் வாயால சொன்னதெல்லாம் எங்கே போச்சு?" என்று அவள் கேட்பாள். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. என் கவலை அதைவிடச் சின்னது, எனக்கு அதைவிடப் பெரியது: ரஹ்மத் ஒரு பள்ளியும் நான் ஒரு பள்ளியுமாக ஆகிவிடக் கூடாது.

ஒருநாள் பின்மதியம் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் ஆபீஸர் வந்தார். குடையும் தோல்பையுமாக, பார்க்கவே பாவமாக இருந்தார். எங்கள் வீட்டில், "இதில் ஏதா முன்வாசல்?" என்று கேட்டார். அப்பா கிழக்கே கை காட்டினார். அதே நேரத்தில் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று மேற்கே கை காட்டினாள். அடுத்தடுத்த வீட்டிலும் இதே கூத்துதான். மனிதர் இரண்டு சந்திலும் மாறி மாறி நடந்து சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். "நிங்கள் தமிழர் முன்வாசலில் அல்லே கோலம் இடுன்னது? நாளெ ராவிலே வந்து நோக்காம்" என்றார். கோலம் இருக்கிற வாசல் எதுவோ அதுவே முன்வாசல், நாளைக் காலையில் வந்து பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பெண்களிடம் போய் இதைச் சொல்லலாமா? ஐயோ பாவம்.

மறுநாள் விடிகிறபோதே அம்மா மேற்கு வாசலைத் தெளித்து, பொங்கலுக்குக்கூடப் போடாத அளவில் ஒரு பெரிய தேர்க்கோலம் போட்டுவிட்டு, வெற்றி வீராங்கனையாக உள்ளே வந்து காப்பிக்கு அடுப்பு மூட்டினாள். கிழக்கு வாசல் பக்கம் ஏதோ சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தேன். அப்பா! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோலப்பொடி டப்பாவை இடுக்கிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். புள்ளி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடந்தது. அதில் அவர் இழுத்த கோடு எங்கேயோ புறப்பட்டு எங்கேயோ போய் நின்றது. சந்து முழுக்கப் பார்த்தால், கிழக்குக் கட்சி ஆண்கள் அத்தனை பேரும் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டு அம்மா வந்தாள். சண்டை வரப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. கீழே கிடந்த அந்தக் கோலத்தைத்தான் பார்த்தாள். முகம் சுருங்கியது. "ஐய, என்ன கண்றாவிங்க இது?" என்றாள். ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து சளாரென்று அடித்து அத்தனையையும் கழுவிவிட்டு, அப்பாவின் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி, அதே இடத்தில் உட்கார்ந்து, புள்ளி பிசகாமல் தாமரைக் கோலம் ஒன்றைப் போட்டு முடித்தாள்.

"அப்பிடிப் போடு! கெழக்குதான் முன்வாசல்னு நீயே சம்மதிச்சாச்சு" என்று அப்பா குதித்தார்.

"ஆமா, சம்மதிச்சாங்க! கோணலாக் கெடந்தா பாக்கறவங்க உங்களையா சொல்லுவாங்க? இந்த வீட்டுப் பொம்பளைக்குக் கை வெளங்காதுன்னு என்னைத்தானே சொல்லுவாங்க" என்றாள் அம்மா. அதற்கப்புறம்தான் தான் செய்த காரியம் அவளுக்கே உறைத்தது. தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவள் மட்டுமா? சந்தில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் வெளியே வந்து, புருஷன் போட்டதைப் பார்த்துச் சகிக்காமல், திட்டிக்கொண்டே அழித்துத் திருத்திப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆபீஸர் வருவதற்குள் எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீட்டின் இரண்டு வாசலிலும் குறையில்லாத கோலம் விழுந்துவிட்டது.

ரஹ்மத் வீட்டில் மட்டும் கோலம் கிடையாது, அவர்களுக்கு அது வழக்கமில்லை. அவளுடைய அம்மா, பெருநாளுக்கு மட்டும் எடுக்கிற பச்சைத் திரையைப் பெட்டியிலிருந்து உதறி எடுத்து, மேற்கு வாசலில் தொங்கவிட்டிருந்தார். "எங்களுக்கு நல்ல தெரை ஒண்ணுதான் இருக்கு கண்ணு. அதனால வாசலும் ஒண்ணுதான்" என்றார் என்னிடம். அதாவது ரஹ்மத்துக்குப் பழைய பள்ளி நிச்சயம். எனக்கோ வீட்டில் இரண்டு கோலம். அந்தத் திரைக்குப் பின்னால் ரஹ்மத் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கெழக்கால போனா நானும் வருவேன்டி, அம்மா அடிச்சாலும் வருவேன்" என்றாள்.

ஆபீஸர் வந்தார். மேற்குச் சந்தில் கோலம், கிழக்குச் சந்தில் கோலம். நடக்க நடக்க அவர் முகம் மாறியது. எங்கள் வீட்டு முன் வந்து நின்று, தேர்க்கோலத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே நடந்து மறுபக்கம் போய்த் தாமரையைப் பார்த்துவிட்டு, முற்றத்துக்குத் திரும்பி வந்தார். அங்கே ரஹ்மத்தோடு நின்றிருந்த என்னிடம் குனிந்து, "மோளே, நீ ஸ்கூலில் போகும்போள் ஏது வாசலில் கூடியா போகுன்னது?" என்று கேட்டார்.

எந்த வாசல் வழியாகப் பள்ளிக்குப் போகிறாய்? அப்பா ஒருபக்கம் கண்ணைக் காட்டினார், அம்மா ஒருபக்கம். நான் உள்ளதைச் சொன்னேன். "ரெண்டிலயும் இல்ல சார். இதிலே ஏறி, ரஹ்மத் வீட்டு வாசல் வழியா" என்று இடிந்த சுவரைக் காட்டினேன்.

மனிதர் சிரித்தார் பாருங்கள், குடையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. கூடவே வரிசை முழுக்கச் சிரித்தது, அப்பாவும் அம்மாவும்கூட. ரஹ்மத்தின் அம்மா அவருக்குச் சாயா கொடுத்தார். அவர் அதைக் குடித்து முடித்து, இந்த வரிசைக்கு மட்டும் கோடு இல்லை, அவரவர் இஷ்டப்பட்ட பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பலாம், மேலே நான் சொல்லிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார், எங்கே இருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும்.

கொஞ்சம் பேர் புதுப் பள்ளிக்குப் போனார்கள். அங்கே ஊஞ்சல் உண்டு, மதிய உப்புமாவில் தேங்காய் உண்டு என்று வந்து பீற்றிக்கொண்டார்கள். மீதி இருந்த நாங்கள் டீச்சரின் வகுப்பை மூடாமல் வைக்கப் போதுமானவர்களாக இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: நாலாம் வகுப்பு வரைக்கும் தமிழ், அப்புறம் மலையாளம். அப்படி நான் மலையாளம் படிக்கத் தொடங்கியபோது, சாயங்காலம் என் பக்கத்தில் அப்பாவும் சப்பணமிட்டு உட்கார்ந்து என்னோடு சேர்ந்து எழுத்துக் கூட்டினார். யூனியன் நோட்டீஸை முதன்முதலாகத் தானே படித்த அன்று, வரும் வழியில் எல்லாருக்கும் அல்வா வாங்கிவந்தார். அதை மாமாவுக்கு நான் கடிதமாக எழுதினேன், அம்மா பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை விடாமல் சொல்லச் சொல்ல.

இன்றைக்கு அந்தப் பள்ளிக் கட்டடத்தில் பழம்பொருள் கடை. எங்கள் வரிசையில் பாதி வீடுகளை விடுதியாக்கிவிட்டார்கள்; கிழக்கு வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். தமிழ் டிவிஷன் எப்போது மூடியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அதற்குக் கோடு போட எந்த ஆபீஸரும் வரவில்லை, யாரும் ஊர்வலமும் போகவில்லை, சேர்வதற்குப் பிள்ளைகள் இல்லாமல் ஒரு வருஷம் அது தானாகவே நின்றுபோயிற்று. நான் இப்போது சுள்ளிக்கல்லில் இருக்கிறேன். ரஹ்மத் தேவராவில் மகனோடு ஒரு ஃபிளாட்டில். இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. தினமும் காலையில் நாங்கள் செல்போனில் ஒருவருக்கொருவர் தமிழில்தான் எழுதிக்கொள்கிறோம்: முழங்கால் வலி, மீன் விலை, அவளுடைய மருமகள், என்னுடைய மருமகள். போனை மேஜைமேல் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறேன், ஒருத்தருக்கும் ஓர் எழுத்துப் புரியாது. நேற்று ரஹ்மத் எழுதியிருந்தாள்: "எல்லாத்தையும் இப்படி எழுதித் தீக்கிறோமே, நாளைக்கு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி போயிட்டா மத்தவ யாருக்குடி எழுதுவா?" நான் உடனே பதில் போட்டேன்: "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். உன் மருமக நேத்து என்ன செஞ்சா, அதை முதல்ல சொல்லு."